தாயால் திறந்து பார்க்க முடியாத பெட்டி

திருவனந்தபுரத்தில் எந்த நல்ல காரியம் தொடங்கினாலும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உண்டு. பரீட்சைக்குப் போகிறவர், புது வண்டி எடுத்தவர், பிள்ளையை முதல் ஊசிக்குத் தூக்கிப் போகிற தாய் என்று எல்லோரும் அந்தச் சந்நிதியில் நின்று உடைக்கிறார்கள். தேங்காயில் ஒரு நேர்மை இருக்கிறது. நல்லதா அழுகலா என்பது உடைத்த கணமே தெரிந்துவிடும்.

ஊசி மருந்து அப்படியில்லை. உறைந்து கெட்ட மருந்தைப் போட்டாலும் பிள்ளை வழக்கம்போல அழும், செவிலியர் வழக்கம்போலத் தேதி எழுதுவார், தாய் நிம்மதியாக வீடு திரும்புவாள். அது வெறும் தண்ணீருக்குச் சமமாகிவிட்டது என்பது தெரிய வருடங்கள் ஆகலாம். ஒரு தொண்டை அடைப்பானோ கக்குவானோ வந்து சொன்னால்தான் தெரியும். தாயால் சோதித்துப் பார்க்க முடியாத ஒரு பொருளை அவள் பிள்ளையின் உடம்பில் ஏற்றுகிறவர்கள் மேல் விழும் கடமை, வேறெந்த உத்தியோகக் கடமையையும் விடக் கனமானது. இதில் மெத்தனம் காட்டுவதை நாம் நிர்வாகக் குறைபாடு என்று சொல்லமாட்டோம். அது நம்பிக்கைத் துரோகம்.

தடுப்பூசி மருந்து பெரும்பாலும் 2 டிகிரிக்கும் 8 டிகிரி செல்சியசுக்கும் நடுவில் வாழ்கிறது. ஆலையிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை, அங்கிருந்து நான்கு ஐஸ் பேக் அடுக்கிய தோள்பெட்டியில் அங்கன்வாடி வரை, அந்த எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். சூடு பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிர் மிஞ்சினாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. பெண்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ் பி போன்றவை ஒருமுறை உறைந்தால் போயின. குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள் உள்ள சிறு சதுரம், சூடு ஏறினால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். உறைந்ததை அது காட்டாது. அதற்குக் குப்பியைக் குலுக்கி வைத்து வண்டல் எப்படிப் படிகிறது என்று பார்க்கத் தெரிந்த கண் வேண்டும், பார்க்கப் பொறுமை வேண்டும். ஐ.எல்.ஆர் என்கிற பெட்டியின் உள்சுவர்களில் ஐஸ் இருப்பதால், நாளுக்கு 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே அது தாக்குப்பிடித்துவிடும். ஆக, கருவி பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றக்கூடியது ஏடு.

அந்தப் பெட்டியின் வெப்பத்தைத் தினம் இரண்டு தடவை பார்த்து எழுத வேண்டும். ஞாயிறும் பண்டிகையும் விலக்கல்ல. ஒரு திங்கட்கிழமைக் காலையில் யாரோ உட்கார்ந்து, பார்க்காத ஞாயிறுக்கும் சேர்த்து ‘4’ என்று எழுதினால், அந்த ஒற்றை எண் ஒரு பொய்ச்சாட்சி. எழுதியவருக்கு அது சின்னச் சமாளிப்பாகத் தோன்றலாம். அந்தப் பொய்யின் மறுமுனையில் இருப்பது ஒரு பிள்ளையின் தொடை.

இந்த ஊருக்குத் தடுப்பூசி புதிதல்ல. பழவங்காடிக்கு எதிரே நிற்கும் கோட்டைக்குள்ளிருந்து திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி லட்சுமிபாயின் காலத்தில், 1813-லேயே, அம்மைத் தடுப்பு இங்கே வந்துவிட்டது. 1879-இல் அரசு ஊழியர், மாணவர், கைதிகள் ஆகியோருக்கு அது கட்டாயமானது. ஐஸ் பெட்டி இல்லாத அந்தக் காலத்தில் மருந்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோனது பிள்ளைகளின் கைகள்தான். ஒரு பிள்ளையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளைக்கு வைத்தார்கள். உயிருள்ள ஒரு கை சுமந்த பொறுப்பைத்தான் இன்று நீல நிறத்துப் பெட்டி ஒன்று சுமக்கிறது.

இவ்வளவு நீண்ட வரலாறுள்ள கேரள மண்ணில், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி எல்லா ஊசியும் முழுமையாகப் போடப்பட்ட ஒரு வயதுப் பிள்ளைகள் 2015-16-இல் 82 விழுக்காடு. 2019-21 கணக்கில் 78. அதே கணக்கில் தமிழ்நாடு 89. மலப்புரத்தில் 2015, 2016 ஆண்டுகளில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. ஊசி வேண்டாம் என்று தன் பிள்ளையை ஒதுக்கிவைக்கும் பெற்றோர் செய்வது தவறு. அது தன் பிள்ளைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துச் செய்யும் தவறு. ஆனால் அவர்களைக் கண்டிக்கும் வாய்க்கு, தன் பெட்டியைத் திறந்து காட்டும் துணிவும் வேண்டும்.

2025-இல் கேரளத்தில் வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டும் குழந்தைகள் இறந்தார்கள். தெருவெல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘மருந்தை ஒழுங்காக வைத்திருந்தார்களா?’ 2022-லும் இதே கேள்வி எழுந்தபோது, மத்திய மருந்து ஆய்வகம் சோதித்துத் தரமானது என்று சான்று கொடுத்தது. தலையிலும் முகத்திலும் ஆழக் கடித்தால், ஊசி வேலை செய்யும் முன்பே கிருமி மூளையை எட்டிவிடலாம் என்று மருத்துவர்கள் சொல்வது உண்மை. கடித்தவுடன் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவுவதும், தாமதிக்காமல் ஊசிக்கு ஓடுவதும்தான் இன்றும் உயிர் காக்கும் வழி. ஆனாலும் மக்கள் கேட்டது வதந்தியல்ல, நியாயமான கேள்வி. ஆய்வகச் சான்று அந்தத் தொகுதி மருந்துக்குச் சாட்சி. ஊசி போடும் கடைசி அறையின் குளிர்பெட்டிக்கு அந்த அறையின் ஏடுதான் சாட்சி. அந்த ஏட்டைக் கேட்டவுடன் எடுத்து மேசைமேல் போட முடிந்தால் பாதி வதந்தி அன்றே செத்துவிடும்.

தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு ஒரே நாளில் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழ்நாட்டில் கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த ஊசி சுகாதார நிலையத்துக்குள் ஒடுங்கியது. தாய்மார் கூலியை விட்டு பஸ் ஏறிப் போக வேண்டி வந்தது. 2005-06-இல் 81 விழுக்காடாக இருந்த முழுத் தடுப்பூசிக் கணக்கு பத்து வருடத்தில் 70-க்கு இறங்கியது. காரணம் இது ஒன்றுதான் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பயந்த தாயையும் நெடுந்தூரத்தையும் அந்தக் கணக்கிலிருந்து யாரும் கழித்துவிட முடியாது.

சமோவாத் தீவுநாட்டில் நடந்தது இதைவிடக் கொடியது. 2018 ஜூலையில், தட்டம்மை மருந்துப் பொடியைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதில், காலாவதியான தசைதளர்த்தி மருந்தைக் கலந்து போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்தன. அரசு மாதக்கணக்கில் ஊசியை நிறுத்தியது. பெற்றோர் நம்பிக்கை இழந்தார்கள். அடுத்த ஆண்டு தட்டம்மை வந்து 83 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்டவர்கள். சுமார் 2 லட்சம் பேரே வாழும் நாடு அது.

செவிலியரைச் சிறைக்கு அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் அரசுகளுக்கு நாம் சொல்வது: பிழை செய்பவர் ஒருவர், பிழைக்கு இடம் வைத்தவர்கள் பலர். சந்தேகம் வந்த குப்பிகளை எடுத்துக் கொட்டிய செவிலியரிடம் ‘ஏன் இவ்வளவு வீணாக்கினாய்’ என்று மேலிடம் விளக்கம் கேட்குமானால், அடுத்த முறை அவர் கொட்டமாட்டார். கொட்டியதற்குப் பாராட்டும் மறைத்ததற்குத் தண்டனையும் என்று கணக்கு திரும்ப வேண்டும்.

பழவங்காடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது தலைமைச் செயலகம். 2025 பிப்ரவரி 10 முதல் அதன் வாசலில் ஆஷா பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் பட்டியலைச் சுமந்து வீடுவீடாகப் படியேறி, ‘புதன்கிழமை ஊசி, மறக்காதே’ என்று சொல்லும் பெண்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கேட்டார்கள். ஐம்பதாவது நாளில் தலைமுடியைக் கத்தரித்துக் காட்ட வேண்டியிருந்தது. மத்திய அரசு மாநிலத்தைக் கைகாட்டியது, மாநிலம் மத்திய அரசைக் கைகாட்டியது. பிள்ளைகளின் உயிரைக் காக்கும் வேலையை ஏழைப் பெண்களின் பொறுமையின் மேல் கட்டிவைத்தது இரண்டு அரசுகளும் சேர்ந்து செய்த அநீதி.

இந்திய அரசின் ‘எவின்’ மின்னணு வலை பெட்டியின் வெப்பம் தவறினால் பொறுப்பாளர் கைபேசிக்குச் சொல்லிவிடுகிறது. நல்ல ஏற்பாடு. அந்த விவரம் அதிகாரிக்கு மட்டும் ஏன்? ஊசி போடும் அறையின் சுவரில் அன்றைய வெப்பநிலை எழுதப்பட வேண்டும். தனியார் கிளினிக்குகள் தாமே வாங்கிப் போடும் ஊசிக்கும் இதே விதி வேண்டும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த மருந்துக்குப் பணம் வாங்க யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்த புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய்மாரே, தவறாமல் போங்கள். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். போடும் முன் ‘சிஸ்டர், அந்தக் குப்பியை ஒருமுறை காட்டுங்கள்’ என்று கேளுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் சதுரம், வட்டத்தைவிட வெளுப்பாக இருக்க வேண்டும்.