பெயர் கல்லில், ஊர் எங்கே?

தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் கூரையிழந்த ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. அதற்குள் ஒரு கல்லறை. 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கிய டிலனாய் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். இறந்தது 1777-ல். சொந்த மண்ணுக்குத் திரும்பாத அந்த அயல்நாட்டுப் போர்வீரரின் கல்லில் இரண்டு மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். ஒன்று லத்தீன். இன்னொன்று தமிழ். இங்கே படுத்திருப்பவர் யார் என்பது அவருடைய மதகுருவுக்கு மட்டுமல்ல, அந்த வழியே போகிற உள்ளூர்க்காரருக்கும் தெரிய வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

உதயகிரியிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று திருவனந்தபுரம் சாலையில் போய், பாலராமபுரத்தை ஒட்டிக் கடல் பக்கமாகத் திரும்பினால் கோட்டுகால் வரும். விழிஞ்ஞத்துக்கு அண்டை ஊராட்சி. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்று போராடிப் பார்த்தார்கள். அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. உதயகிரி ஒரு மாநிலத்துக்கும் கோட்டுகால் இன்னொரு மாநிலத்துக்கும் போயின. பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் எல்லைக்கு இரு பக்கமும் இருக்கிறார்கள். தாத்தா தமிழில் எழுதிய கடிதத்தை மலையாளப் பள்ளியில் படித்த பேரன் வாசிக்க முடியாத வீடுகள் இந்த எல்லையோரத்தில் உண்டு.

இரண்டு உலகப் போர்களிலும் திருவிதாங்கூரிலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். துப்பாக்கி பிடித்தவர்களை விட, பாலம் கட்டவும் சாலை போடவும் சுமை தூக்கவும் லாரி ஓட்டவும் நோயாளிகளைத் தூக்கவும் போனவர்கள் பற்றித்தான் பேச்சு குறைவு. பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தில் முதல் உலகப் போரில் ஏறத்தாழ 74,000 பேரும், இரண்டாவதில் ஏறத்தாழ 87,000 பேரும் இறந்தார்கள். இன்று எல்லையில் ஒரு ஜவான் இறந்தால் தேசியக் கொடி போர்த்திய பெட்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்த வழக்கம் 1999 கார்கில் போரில்தான் நிலைபெற்றது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் தந்தி.

உடலை ஊருக்கு அனுப்புவதில்லை என்பது அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தின் முடிவு. 1917-ல் லண்டனில் தொடங்கப்பட்ட போர்க் கல்லறைகள் ஆணையம் அதையே விதியாக்கியது. விழுந்த இடத்துக்கு அருகிலேயே அடக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு கல், அல்லது நினைவுச் சுவரில் ஒரு வரி. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். இன்று காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் என்று அழைக்கப்படும் இந்த அமைப்பு, 17 லட்சம் பேரின் நினைவிடங்களை 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பராமரிக்கிறது. சென்னை நந்தம்பாக்கத்தில் பரங்கிமலைச் சாலையோரம், புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை பிசகாமல் நிற்கும் கற்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பராமரிப்பின் தரம் தெரியும். அங்கே கிடப்பவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். எல்லோராலும் வர முடியாது. அதனால்தான் படம் எடுக்கும் வேலை முக்கியமாகிறது.

உலகமெங்கும் உள்ள போர்க் கல்லறைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, கேட்கும் உறவினருக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்றை பிரிட்டனைச் சேர்ந்த தன்னார்வலர்கள் ஆணையத்தின் துணையோடு பல ஆண்டுகளாக நடத்துகிறார்கள். இந்தியத் தரப்பிலும் வேலை நடந்திருக்கிறது. உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் இந்தியப் போர் நினைவிடங்களைப் பற்றி ராணா சின்னா எழுதிய நூலை, டெல்லியிலுள்ள ஐக்கிய ராணுவ சேவை நிறுவனம் 2014-ல் வெளியிட்டது.

கல்லறையைப் படம் எடுப்பது கல்யாணத்தைப் படம் எடுப்பது போல் அல்ல. வெயில் பக்கவாட்டில் விழும் காலையிலோ மாலையிலோதான் செதுக்கிய எழுத்தில் நிழல் தங்கும். பாசி பிடித்த கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது. சாக்பீஸ் தடவக் கூடாது. சுத்தமான தண்ணீர் தெளித்தாலே பல கற்களில் எழுத்து தெரிந்துவிடும். பகுதி, வரிசை, கல் எண் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் ஆயிரம் வெள்ளைக் கற்களில் எது யாருடையது என்று எடுத்தவருக்கே மறந்துபோகும்.

இவ்வளவு சிரமப்பட்டு எடுத்த படம் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு என்ன காட்டும்?

முதலாவது, பெரும்பாலும் அது கல்லறையாகவே இருக்காது. எரியூட்டப்பட்டவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் சுவர்தான். பர்மாவில் ரங்கூனை அடுத்த டாக்கியன் கல்லறையில் நிற்கும் தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் 24,000-க்கும் மேல். அங்கே பெயர்கள் படைப்பிரிவு வாரியாக, பதவி வாரியாக, பிறகு அகர வரிசையில் இருக்கின்றன. படைப்பிரிவு தெரியாமல் போனால் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

இரண்டாவது, கல் கிடைத்தாலும் மொழி கிடைக்காது. பெயரும் எண்ணும் ஆங்கிலத்தில் இருக்கும். இந்து சிப்பாயின் கல்லில் மேலே ஓம் என்று தொடங்கும் ஒரு வரி, தேவநாகரியில். முஸ்லிமுக்கு அரபி, சீக்கியருக்கு குர்முகி, கிறிஸ்தவருக்குச் சிலுவை. மதத்துக்கு ஒரு லிபி என்று யாரோ மேசையில் உட்கார்ந்து பிரித்திருக்கிறார்கள். நாகர்கோவில் பக்கத்து அம்மாவுக்கோ நெய்யாற்றின்கரை அம்மாவுக்கோ தேவநாகரி படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த டிலனாய்க்குத் தமிழில் கல் வைத்தார்கள். தமிழ் பேசும் ஊர்களிலிருந்து ஐரோப்பாவுக்கும் பர்மாவுக்கும் போனவர்களுக்குப் பெரும்பாலும் அது கிடைக்கவில்லை.

மூன்றாவது, பெயரே இல்லாத இடங்களும் உண்டு. ஈராக்கில் பாஸ்ரா நினைவிடம் 40,000-க்கும் அதிகமானவர்களுக்காகக் கட்டப்பட்டது. அதில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் வெட்டப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும், இறந்தவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டும். எல்லோருக்கும் சமம் என்ற விதி மெசபடோமியாவுக்குப் போவதற்குள் தேய்ந்துவிட்டது. 2021 ஏப்ரலில் ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து உள்ளிட்ட இடங்களைச் சேர்ந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லி நினைவிடமே இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. பிந்திய எண்ணிக்கை மூன்றரை லட்சம் வரை போகலாம் என்றும் கணக்கிட்டிருந்தது.

வெள்ளைக்காரர் செய்த பாரபட்சம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. முதல் உலகப் போர் முடிந்ததும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் சின்னக் கல் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். பெயர்கள் இல்லை. எல்லோருக்கும்தான் தெரியுமே என்று அன்றைக்கு விட்டிருக்கலாம். நூறு ஆண்டு கழித்து அந்த ஊரிலேயே யாருக்கும் தெரியாது.

ஆக, கடலுக்கு அப்பால் பெயர் இருக்கிறது, ஊர் தெரியவில்லை. கடலுக்கு இப்பால் ஊர் இருக்கிறது, பெயர் தெரியவில்லை. படம் எடுப்பவரால் இந்த இரண்டையும் இணைக்க முடியாது. அதை ஊரிலிருந்துதான் செய்ய வேண்டும்.

அது ஏன் கடினம் என்பதற்குக் கோட்டுகாலே உதாரணம். கொல்லம் மாவட்டத்தில் குகைக் கோயிலுக்குப் பெயர்போன கோட்டுக்கல் என்று இன்னொரு ஊர் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். நெய்யாற்றின்கரை தமிழில் ஒரு மாதிரி, மலையாள உச்சரிப்பில் ஒரு மாதிரி; ஆள் சேர்ப்பு முகாமில் வடநாட்டு எழுத்தர் காதில் விழுந்தது மூன்றாவது மாதிரி. பொன்னையன், தங்கையன், செல்லப்பன் ஆகிய பெயர்களை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். குடும்பப் பெயர் என்று கேட்டால் ஒருவர் தகப்பன் பெயரைச் சொல்லியிருப்பார், ஒருவர் வீட்டுப் பெயரை, ஒருவர் சாதியை. ஆணையத்தின் பதிவேட்டில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர் என்று எழுத இடம் உண்டு. உறவினர் அனுப்பிய விவரத்தை வைத்து நிரப்புவார்கள். படிப்பறிவு எட்டாத வீடுகளுக்குப் போன படிவம் திரும்பி வராவிட்டால் அந்த இடம் காலி. நிரம்பிய இடத்தில் 'திருவிதாங்கூர், இந்தியா' என்று மட்டும் இருந்தால், இன்று அது கேரளமா தமிழ்நாடா என்பதே முதல் கேள்வி.

ஆதாரம் இருந்தால் ஆணையம் பதிவைத் திருத்துகிறது. விடுபட்ட பெயரைச் சேர்க்கவும் பரிசீலிக்கிறது. ஆனால் ஆதாரம் வேண்டும், அது வீடுகளில்தான் இருக்கிறது. முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் பெயரும் எண்ணும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். இறந்தவர் வீட்டுக்கு பிரிட்டானியாவும் சிங்கமும் பொறித்த, ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெண்கலத் தகடு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் பதவி இல்லாமல் பெயர் மட்டும் இருக்கும். பிறகு ஓய்வூதியப் புத்தகம், படைத் தலைமையகத்துக் கடிதம், சீருடையில் எடுத்த ஸ்டூடியோ படம். பழைய பாத்திரத்தோடு பாத்திரமாக வெண்கலம் எடைக்குப் போகிறது. வீட்டை இடித்துக் கட்டும்போது காகிதம் அடுப்புக்குப் போகிறது. தமிழில் எழுதிய கடிதமாக இருந்தால், வாசிக்கத் தெரியாத பேரனுக்கு அது பழைய காகிதம்தான்.

பதிவேட்டில் இடமே இல்லாதவர்களும் உண்டு. ஜப்பானியர் 1942-43-ல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதையில் செத்த போர்க் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாகக் கற்கள் நிற்கின்றன. அதே பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் பல பத்தாயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்கள் சிப்பாய்கள் அல்ல என்பதால் தனித்தனிக் கல்லும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. 2023-ல் காஞ்சனபுரியின் ஒரு புத்த விகாரையில் அவர்களுக்காகத் தமிழர்கள் ஒரு நடுகல் எழுப்பினார்கள்.

நடுகல் என்ற சொல்லைத் தேர்ந்தது பொருத்தம். கல்லைத் தேடுவதிலிருந்து நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவது வரை அதற்கான சடங்குகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் எழுத்து உள்ளவற்றைப் பார்த்தால், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எதற்காக நடந்த சண்டை, செத்தவன் பெயர் என்ன என்று நாலு வரியில் முடித்திருப்பார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் ஊரும் பெயரும் உண்டு. ஆயிரம் ஆண்டு கழித்தும் ஆளை அடையாளம் காட்ட அந்த நாலு வரி போதுமானதாக இருக்கிறது.

அந்த நாலு வரியைத்தான் இப்போது எழுதியாக வேண்டும். கேரளத்தில் நூலகம் இல்லாத கிராமம் அரிது. அங்கே ஒரு கோடு போட்ட நோட்டு போதும். போனவர் பெயர், வீட்டுப் பெயர், தகப்பன் பெயர், படைப்பிரிவு, எண் தெரிந்தால் எண், எந்தப் போர், வீட்டில் என்ன காகிதம் இருக்கிறது. மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வைக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் விளவங்கோட்டிலும் இதையே செய்யலாம். போனவரைத் தகப்பனாகவோ மாமனாகவோ பார்த்தவர்கள் எண்பதும் தொண்ணூறும் தாண்டிவிட்டார்கள். ரங்கூன் தூணிலுள்ள எழுத்து இன்னும் நூறு ஆண்டு நிற்கும். அதைப் படித்து இது எங்கள் வீட்டுப் பெயர் என்று சொல்லக்கூடியவர்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.