சைக்கிளுக்குப் பின்னால் ஓடியவர்கள்

அம்பத்தூர் என்றதும் பலருக்குச் சைக்கிள் நினைவுக்கு வரும். 1949-ம் ஆண்டு தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம், அங்கே ஆலை அமைத்து "ஹெர்குலிஸ்" சைக்கிள்களைச் செய்தது. எத்தனையோ வீடுகளில் அப்பா வேலைக்குப் போனது அந்தச் சைக்கிளில்தான்.

இன்று சைக்கிள் தர்ம காரியத்துக்கும் ஓடுகிறது. நோயாளிகளுக்கும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் நிதி திரட்ட, பலர் ஒன்றுகூடிச் சைக்கிளில் போகிறார்கள். ஓட்டியவருக்கு மாலை. ஓட்டியவருக்குப் பதக்கம். படத்தில் இருப்பவரும் அவரே. அது நியாயம்தான்.

ஆனால், வழியில் நின்றவர் யார்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சாலைகளில் லாரியும் பஸ்சும் நெருக்கியடித்து ஓடுகின்றன. அங்கே நூறு பேர் சைக்கிளில் போவது என்றால் விளையாட்டா? விடியும் முன்பே முச்சந்தியில் ஒருவர் கொடியுடன் நிற்க வேண்டும். ஒருவர் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒருவர் பஞ்சர் ஒட்ட வேண்டும். எல்லோருக்கும் பின்தங்கி வருகிறவர் ஊர் போய்ச் சேரும் வரை, ஒருவர் அவர் கூடவே வர வேண்டும். போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் இவர்கள் வீடு திரும்பலாம்.

இவர்கள்தான் தொண்டர்கள். சம்பளம் கிடையாது.

புதுக்கோட்டை தந்த பாடம்

இப்படிப்பட்ட தொண்டர்களால் என்ன செய்ய முடியும்? புதுக்கோட்டை மாவட்டம் அதைக் காட்டியது.

1991-ம் ஆண்டு அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தர ஏற்பாடு செய்தார். சைக்கிள் வாங்கக் கடன் வசதியும் செய்யப்பட்டது.

"பெண் சைக்கிள் ஓட்டுவதா?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. கூசும்படி பேசியவர்களும் உண்டு. பெண்கள் பின்வாங்கவில்லை. கல் உடைக்கும் பெண்களும், கிராம நர்சுகளும், ஆசிரியைகளும் சைக்கிளில் ஏறினார்கள்.

முதல் நாள் ஏறுகிறவர் தனியாக ஓட்டிவிட முடியுமா? ஒருவர் சீட்டைப் பிடிக்க வேண்டும். மூச்சு வாங்கப் பின்னால் ஓட வேண்டும். விழப் போகும்போது தாங்க வேண்டும். ஓட்ட வந்துவிட்டது என்று தெரிந்ததும், சொல்லாமல் கையை எடுத்துவிட வேண்டும்!

அந்த வேலையைச் செய்தவர்கள் யார்? நேற்றுக் கற்றுக்கொண்ட பெண்களே இன்று திரும்பி வந்து, மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். காசு வாங்காமல் கற்றுக் கொடுத்தார்கள்.

1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி அடித்து, புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். ஊரே வியந்து பார்த்தது. அந்த மாவட்டத்தில் சைக்கிள் கற்ற கிராமப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்! ஒவ்வொரு சைக்கிளுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் ஓடியிருக்கிறார். அவருக்கு யாரும் மாலை போடவில்லை.

36 பேரில் தொடங்கியது

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1980-ம் ஆண்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 36 பேர் சைக்கிளில் புறப்பட்டார்கள். ஆண்டுதோறும் நடக்கும் அந்தச் சவாரி, இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது. சாப்பாடு போடவும், தண்ணீர் கொடுக்கவும், வழி காட்டவும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வருகிறார்கள். அவர்கள் வராவிட்டால் சவாரி ஏது?

சவாரி நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம். மேடையில் நன்றி சொல்லும்போது, முச்சந்தியில் நின்றவரின் பெயரை முதலில் சொல்லலாம். அவருக்கும் காலைப் பலகாரம் எடுத்து வைக்கலாம். வெயிலில் ஒருவரையே நிறுத்தி வைக்காமல், ஆள் மாற்றி விடலாம்.

நாமும் ஒன்று செய்யலாம். நம் தெரு வழியே சைக்கிள்கள் வந்தால், பிள்ளைகளோடு வாசலுக்கு வந்து கை தட்டுவோம். கடைசிச் சைக்கிள் போனதும் உள்ளே போய்விட வேண்டாம். அதன் பின்னால் ஒருவர் வருவார். அவருக்கும் கை தட்டுவோம்!