ஒரு கிராமத்துத் தொகுதி கற்றுத்தரும் பாடம்

பிரிட்டிஷ் அரசியலைப் பற்றி நம் சமூகத்தில் பேச்சு வந்தால், 2024 ஜூலை 4ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலைத்தான் நாம் உடனே நினைவுகூர்கிறோம். காஸா விவகாரத்தில் தொழிற்கட்சி எடுத்த நிலைப்பாட்டை எதிர்த்து லெஸ்டர் தெற்கு, பிளாக்பர்ன், டியூஸ்பரி, பர்மிங்ஹாம் பெரி பார் ஆகிய தொகுதிகளில் நான்கு முஸ்லிம் சுயேச்சைகள் வென்ற செய்தி நம் வீடுகளில் ஆர்வத்துடன் பேசப்பட்டது. அது பேசப்பட வேண்டிய செய்திதான்.

ஆனால் அதே தேர்தலில், முஸ்லிம்கள் மிகச் சொற்பமாகவே வசிக்கும் ஒரு கிராமப்புறத் தொகுதியில் வந்த முடிவு நம் கவனத்துக்கு வரவே இல்லை. அதுதான் நார்த் ஷ்ரோப்ஷையர். ஆளுங்கட்சி ஒன்று எவ்வளவு பெரிய வாக்கு வித்தியாசத்தை வைத்திருந்தாலும், மக்களை ஏமாளிகளாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சமீப காலத்தில் இல்லை. எனவே இத்தொகுதியின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது ஷ்ரோப்ஷையர் மாவட்டம். அதன் வடபகுதிதான் இத்தொகுதி. ஆஸ்வெஸ்ட்ரி, விட்சர்ச், மார்க்கெட் டிரேட்டன், வெம், எல்ஸ்மியர் ஆகிய சிறு நகரங்கள். அவற்றைச் சுற்றிப் பால் பண்ணைகளும் மேய்ச்சல் நிலங்களும். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று கேட்கப்பட்டபோது, பத்தில் ஆறு பேர் விலகலாம் என்று வாக்களித்த பகுதி இது.

தமிழ் மண்ணில் வாழும் நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1751இல் ஆற்காட்டைக் கைப்பற்றிய ராபர்ட் கிளைவ் பிறந்தது மார்க்கெட் டிரேட்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டைச் என்ற இடத்தில்தான். அவர் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் அங்குள்ள மோர்ட்டன் சே கிராமத்துத் தேவாலயத்தில்தான். இந்தியாவில் சேர்த்த செல்வத்தோடு ஊர் திரும்பிய அவர், 1761 முதல் 1774இல் இறக்கும்வரை பக்கத்து நகரமான ஷ்ரூஸ்பரியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ் சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோதுதான், 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சி அதிகாரம் முழுவதுமாகக் கம்பெனியின் கைக்குப் போனது. இந்தக் கணக்குக்குப் பிறகு திரும்பி வருவோம்.

நிலக்கிழார்களின் கோட்டை

1832ஆம் ஆண்டு சீர்திருத்தச் சட்டத்தின்போது நார்த் ஷ்ரோப்ஷையர் என்ற பெயரில் தொகுதி உருவானது. 1885இல் அது கலைக்கப்பட்டு, அப்பகுதி ஆஸ்வெஸ்ட்ரி போன்ற தொகுதிகளாகப் பிரிந்தது. 1983இல் பழைய பெயர் மீண்டும் வந்தது. பெயரும் எல்லையும் மாறினாலும் வெல்லும் கட்சி மட்டும் மாறவில்லை. பெரிய நிலக்கிழார் குடும்பங்களும், அவர்களைத் தொடர்ந்து கன்சர்வேடிவ் கட்சியின் முக்கியப் பிரமுகர்களும் இங்கிருந்து நாடாளுமன்றம் சென்றார்கள்.

2021இல் இங்கு ஆளுங்கட்சி தோற்றபோது, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் இதுவே முதல் தோல்வி என்று ஊடகங்கள் எழுதின. அது முழுக்கச் சரியல்ல. 1904இல் ஆஸ்வெஸ்ட்ரி தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் லிபரல் கட்சியின் ஆலன் ஹேவுட் பிரைட் வென்றிருக்கிறார். ஆனால் 1906 பொதுத்தேர்தலில், நாடு முழுவதும் லிபரல் அலை வீசியபோது, அவர் மட்டும் இங்கே தோற்றுப் போனார்! நாடே ஒரு பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கம் நிற்கும் ஊர் இது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

1961இல் ஆஸ்வெஸ்ட்ரியில் வென்ற ஜான் பிஃபன், 1997 வரை இப்பகுதியின் உறுப்பினராக இருந்தார். தாட்சர் அமைச்சரவையில் அவைமுன்னவராக இருந்தவர். அவருக்குப் பின் வந்தவர் ஓவன் பேட்டர்சன். டோனி பிளேர் அலை வீசிய 1997இல் சுமார் 2,200 வாக்கு வித்தியாசத்தில்தான் அவர் கரை சேர்ந்தார். ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் அந்த வித்தியாசம் பெருகியது. டேவிட் கேமரன் அரசில் வட அயர்லாந்து விவகார அமைச்சராகவும், பின்னர் சுற்றுச்சூழல் அமைச்சராகவும் இருந்தார். 2019இல் அவர் பெற்ற வாக்குகள் 35,444. வித்தியாசம் 22,949. இனி இந்தத் தொகுதியில் தேர்தல் நடத்துவதே வீண் செலவு என்று சொல்லுமளவுக்கு இருந்தது நிலைமை.

பணமும் பரிந்துரையும்

நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே பேட்டர்சன் இரண்டு தனியார் நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருந்தார். ஒன்று மருத்துவப் பரிசோதனைத் துறையில் இயங்கும் ராண்டாக்ஸ். மற்றொன்று லின்ஸ் கன்ட்ரி ஃபுட்ஸ் என்ற இறைச்சிப் பொருள் நிறுவனம். இரண்டிலும் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் பவுண்டுக்கு மேல் அவருக்கு ஊதியம் கிடைத்தது.

பிரிட்டனில் உறுப்பினர்கள் வெளிவேலை பார்ப்பதற்குத் தடை இல்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு, பணம் கொடுத்தவருக்காக அரசுத் துறைகளிடம் பரிந்துரை செய்யக் கூடாது. நாடாளுமன்றத்தில் ஒரு காரியத்தை முன்னெடுப்பதற்காக உறுப்பினருக்குப் பணம் தர முன்வருவதே பெருங்குற்றம் என்று 1695இலேயே அந்த அவை தீர்மானித்திருக்கிறது. பேட்டர்சன் இந்த விதியைப் பலமுறை மீறினார் என்று நன்னடத்தை ஆணையர் கேத்ரின் ஸ்டோன் கண்டறிந்தார். அவையின் நன்னடத்தைக் குழுவும் அதை ஏற்று, 30 அமர்வு நாட்களுக்கு அவரை இடைநீக்கம் செய்யப் பரிந்துரைத்தது.

உணவில் கலந்திருந்த ஆபத்துகளைச் சுட்டிக்காட்டவே அதிகாரிகளை அணுகினேன் என்பது பேட்டர்சன் தரப்பு வாதம். தன் தரப்புச் சாட்சிகள் நேரில் விசாரிக்கப்படவில்லை என்றும் அவர் குறை கூறினார். விசாரணை நடந்துகொண்டிருந்த காலத்தில், 2020இல், அவர் மனைவியை இழந்திருந்தார் என்பதும் உண்மை. அந்தத் துயரத்தில் யாருக்கும் அனுதாபம் வரும். ஆனால் அனுதாபம் வேறு, விதி வேறு.

இந்த வேறுபாட்டைத்தான் போரிஸ் ஜான்சனின் அரசு மறந்தது. 2021 நவம்பர் 3ஆம் தேதி, கொறடா உத்தரவு போட்டுத் தன் உறுப்பினர்களை வாக்களிக்க வைத்து, 250க்கு 232 என்ற கணக்கில் அந்த இடைநீக்கத்தை நிறுத்தி வைத்தது. விசாரணை முறையையே மாற்றி எழுதப் புதிய குழு ஒன்று அமைக்கப்படும் என்றது. அந்தக் குழுவில் ஆளுங்கட்சிக்கே பெரும்பான்மை! தம் ஆள் தோற்றுவிட்டார் என்பதற்காக ஆட்டத்தின் விதியையே மாற்றும் செயல் இது. நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. எதிர்க்கட்சிகள் அந்தக் குழுவில் சேர மறுத்தன. மறுநாளே அரசு பின்வாங்கியது. நட்டாற்றில் விடப்பட்ட பேட்டர்சன் அன்றே பதவி விலகுவதாக அறிவித்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015இல் வந்த ஒரு சட்டப்படி, ஓர் உறுப்பினர் 10 அமர்வு நாட்கள் அல்லது அதற்கு மேல் இடைநீக்கம் செய்யப்பட்டால், தொகுதி வாக்காளர்களில் 10 விழுக்காட்டினர் கையெழுத்திட்டு அவரைத் திரும்ப அழைக்கலாம். நார்த் ஷ்ரோப்ஷையரில் சுமார் 83 ஆயிரம் வாக்காளர்கள். அதாவது 8 ஆயிரத்துச் சொச்சம் கையெழுத்துகள் தேவை. பேட்டர்சன் தண்டனையை ஏற்றிருந்தால், ஒருவேளை அந்தக் கையெழுத்துகள் சேராமலே போயிருக்கலாம். சேர்ந்திருந்தாலும், இடைத்தேர்தல் அவருடைய தனிப்பட்ட தவறைப் பற்றியதாக மட்டும் இருந்திருக்கும். அவரைக் காப்பாற்றப் போய், ஒருவரின் தவறை அரசு முழுக் கட்சியின் தவறாக மாற்றிக்கொண்டது.

வாக்குப் பெட்டி சொன்ன பதில்

இடைத்தேர்தல் 2021 டிசம்பர் 16இல் நடந்தது. அதற்குள் இன்னொரு செய்தியும் வெளிவந்திருந்தது. கொரோனா பொதுமுடக்கத்தில் மக்கள் தம் பெற்றோரின் இறுதிச் சடங்குக்குக்கூடக் கூட முடியாமல் தவித்த நாட்களில், பிரதமர் அலுவலகத்தில் விருந்துகள் நடந்திருக்கின்றன என்பதே அது. பேட்டர்சன் விவகாரத்தில் எழுந்த கோபம் இதனால் இரட்டிப்பானது.

இவற்றோடு உள்ளூர்ப் பிரச்சினைகளும் சேர்ந்தன. ஆஸ்வெஸ்ட்ரி, மார்க்கெட் டிரேட்டன் நகரங்களில் இருந்த ஆம்புலன்ஸ் நிலையங்கள் அந்த ஆண்டுதான் மூடப்பட்டிருந்தன. ஆம்புலன்ஸுக்காக மணிக்கணக்கில் காத்திருந்த அனுபவம் பல வீடுகளில் இருந்தது. ஆஸ்திரேலியாவுடன் செய்யப்படும் வர்த்தக ஒப்பந்தத்தால் மலிவான இறைச்சி வந்து குவியும் என்று விவசாயிகள் அஞ்சினார்கள். எப்படியும் நமக்குத்தான் போடுவார்கள் என்ற எண்ணத்தில் ஆளுங்கட்சி இவற்றைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

முடிவு என்ன? 2019இல் 10 விழுக்காடு வாக்குகளுடன் மூன்றாம் இடத்தில் இருந்த லிபரல் டெமாக்ரட் கட்சியின் ஹெலன் மோர்கன், 17,957 வாக்குகள் பெற்று 5,925 வித்தியாசத்தில் வென்றார். கணக்காளராகப் பணியாற்றியவர் அவர். கன்சர்வேடிவ் வேட்பாளருக்குக் கிடைத்தவை 12,032 வாக்குகள் மட்டுமே.

இந்த எண்களை நிதானமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கன்சர்வேடிவ் கட்சி இழந்த வாக்குகள் 23 ஆயிரத்துக்கும் மேல். லிபரல் டெமாக்ரட் கூடுதலாகப் பெற்றவை சுமார் 12 ஆயிரம். அதே நேரத்தில் தொழிற்கட்சி 12,495இலிருந்து 3,686க்கு இறங்கி, கிட்டத்தட்ட 9 ஆயிரம் வாக்குகளை இழந்திருக்கிறது. தொழிற்கட்சி ஆதரவாளர்களில் பெரும்பகுதியினர், வெல்ல வாய்ப்புள்ள எதிர்க்கட்சி எது என்று பார்த்து அங்கே சாய்ந்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. கட்சிகளுக்குள் தொகுதி உடன்பாடு ஏதும் இல்லாமல், மக்களே அமைத்துக்கொண்ட கூட்டணி இது! மறுபுறம், கன்சர்வேடிவ் ஆதரவாளர்களில் கணிசமானோர் எதிரணிக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். 2019இல் சுமார் 68 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு 46 விழுக்காடாகக் குறைந்ததே இதற்குச் சான்று.

கோபம் தணிந்ததும் இவர்கள் பழைய கட்சிக்கே திரும்பிவிடுவார்கள் என்று அப்போது பலர் கணித்தார்கள். 1906இல் நடந்ததும் அதுதானே! ஆனால் 2024இல் மோர்கன் 15 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். இடைப்பட்ட காலத்தில் ஆம்புலன்ஸ் பிரச்சினையை அவர் நாடாளுமன்றத்தில் விடாமல் எழுப்பிவந்தார். 2025 மே மாதம் நடந்த ஷ்ரோப்ஷையர் மாவட்ட மன்றத் தேர்தலில் அவருடைய கட்சி பெரும்பான்மையையே பிடித்தது. ஆண்டுகொண்டிருந்த கன்சர்வேடிவ் கட்சி, குடியேறிகளுக்கு எதிரான அரசியல் பேசும் ரிஃபார்ம் கட்சிக்கும் பின்னால் மூன்றாம் இடத்துக்குப் போனது. இந்தக் கடைசிச் செய்தி கவலைக்குரியது. பழைய கட்சி மீதான நம்பிக்கை உடையும்போது அந்த வாக்குகள் எல்லாம் நல்ல திசையில்தான் போகும் என்ற உத்தரவாதம் எந்த நாட்டிலும் இல்லை.

ஆற்காட்டுக் கடன்

இப்போது அந்தப் பழைய கணக்குக்கு வருவோம். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, கம்பெனி அதிகாரிகளிடம் அதிக வட்டிக்குக் கடன் பட்டிருந்தார். கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பால் பென்ஃபீல்டு. இந்தப் பணத்தின் பலத்தில் அவர் 1780இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனார். நவாபின் கடன்கள் உண்மையானவையா என்று முறையாக விசாரிக்காமலேயே, கர்நாடகத்தின் வருவாயிலிருந்து அவற்றை அடைக்க அரசு முடிவெடுத்தது. 1785இல் எட்மண்ட் பர்க் இதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றினார். அரசு அசைந்து கொடுக்கவில்லை. வட்டியும் முதலுமாக அதைச் சுமந்தவர்கள் நம் மண்ணின் விவசாயிகள்தான்.

பணம் வாங்கிய உறுப்பினர் யாருக்காகப் பேசுகிறார் என்ற கேள்வி, எழுதப்பட்ட விதி இருந்தும் அன்று பதிலின்றிப் போனது. காரணம், பாதிக்கப்பட்டவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. 2021இல் அதே கேள்வி எழுந்தபோது, விதியோடு சுதந்திரமான ஆணையரும் இருந்தார், கேள்வி கேட்கும் பத்திரிகைகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, வாக்குச்சீட்டு பாதிக்கப்பட்ட மக்களின் கையில் இருந்தது. ஆகவே ஒரே இரவில் அரசு பின்வாங்கியது, ஆறே வாரத்தில் கோட்டை சரிந்தது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை எளிமையானது. பதவி ஓர் அமானிதம் என்றால், அந்தப் பதவியை வழங்கும் வாக்கும் அமானிதம்தான். நம் தொகுதி எப்போதும் இந்தக் கட்சிக்குத்தான் என்று நாமே முடிவுகட்டிவிட்டால், வென்றவர் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார், தோற்றவரும் நம்மைத் தேடி வரமாட்டார். வாக்கு கேட்டு வருபவரிடம் நம் தெருவின் ஆம்புலன்ஸைப் பற்றியும், அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியும் கேட்கும் பழக்கம் நம் வீடுகளிலும் வர வேண்டும். பால் கறந்து பிழைக்கும் ஒரு கிராமத்து மக்கள் அதைக் கேட்டார்கள். அவர்களுக்குப் பதிலும் கிடைத்தது.