திறந்த பொருளாதாரமும் யாழ்ப்பாணத்துத் தோட்டச் செய்கையும்

உலகமயமாக்கம் அனைவரையும் வாழ்விக்கும் என ஒரு சாராரும், 1970களின் மூடிய பொருளாதாரமே யாழ்ப்பாணத்தின் பொற்காலம் என மறுசாராரும் வாதிடுவர். ஒன்றுக்கொன்று முரண்பட்டனவாகத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் ஒரே வினாவைத் தவிர்க்கின்றன: ஆதாயம் யாரைச் சென்றடைந்தது?

1970 இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உரும்பிராய், ஏழாலை, குப்பிழான் முதலிய செம்மண் கிராமங்கள் இதனால் வளம்பெற்றன. யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாய் தென்னிலங்கைச் சந்தையில் நல்ல விலை பெற்றது. ஆயின் அவ்வளம் காணியும் கிணறும் உடையோரின் வளமே. சாதி ஒடுக்குமுறையாற் காணியற்றோராக்கப்பட்டோர் அதே தோட்டங்களிற் கூலிக்கு உழைத்தனர். இலாபத்தில் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. பாணுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்றோருக்கு அது பொற்காலமாக இருந்திருக்க முடியாது.

1977 இல் ஜே. ஆர். ஜயவர்தனா அரசு இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவிய, உள்ளூர் விளைபொருளின் விலை வீழ்ந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வேண்டிய மண்ணெண்ணெயின் விலையோ ஏறியது. காணியுடையோன் செய்கையைக் குறைத்தான். கூலியாளனோ வேலையையே இழந்தான். மலிந்த மிளகாய் நுகர்வோருக்கு நன்மை என்பர். கூலியிழந்தவனுக்கு எவ்விலையும் மலிவன்று. 1994 இன் வட அமெரிக்க வர்த்தக உடன்படிக்கைக்குப் பின், அரசமானியம் பெற்ற அமெரிக்கச் சோளத்துடன் போட்டியிட நேர்ந்த மெக்சிக்கோவின் சிறு விவசாயி அறிந்ததும் இதுவே.

2009 இல் யுத்தம் முடிந்தபின் குடாநாட்டுக்கு முதலில் விரைந்து வந்தவற்றுள் வங்கிகளும் குத்தகைக் கடன் நிறுவனங்களும் அடங்கும். 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி கிடைத்தது. 2024 சனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமாயிற்று. செல்வனும் கூலியாளனும் ஒரே வீதத்திற் செலுத்தும் வரி அது. தான் பெறாத கடனைக் கூலியாளன் தன் உணவிலிருந்து தீர்க்கிறான்.

எனவே கதவைத் திறப்பதா மூடுவதா என்பது மட்டும் வினாவன்று. அறுவடைக் காலத்திலேனும் இறக்குமதியைக் கட்டுப்படுத்தல் வேண்டும். கூட்டுறவுச் சந்தைகள் வலுப்பெறல் வேண்டும். உழைப்போனுக்குக் காணி கிடைத்தல் வேண்டும். முதலிரண்டையும் உரத்துக் கோருவோர் மூன்றாவதில் மௌனிப்பராயின், அவர்கள் எதிர்ப்பது உலகச் சந்தையின் அநீதியையே. தம் வேலிக்குள் நிலைத்திருக்கும் அநீதியையன்று.