பழங்கணினியும் பயன்படும்

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. அண்ணன் பெற்ற அக்கணினி எங்கள் அவிநாசி வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் பரண்மேற் கிடக்கின்றது; தங்கையோ கணினியின்றித் தவிக்கின்றாள். பழுது யாதென வினவின் விடையில்லை. கிணற்று மோட்டாரைத் தாமே திறந்து பார்க்கும் உழவர் வீட்டிலும் இதே நிலை! கோவை ஜி. டி. நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியன்றோ பொறியியல் கற்றார்? மாணவர்காள்! கணினியைத் திறக்க நீவிர் அஞ்சுவதேன்?

பலவேளைகளில் நோய் சிறிதே. நினைவகப் பலகை தன் இடத்தில் சற்றே தளரினும் திரை இருண்டுவிடும். மின்னிணைப்பையும் மின்கலத்தையும் நீக்கியபின், அப்பலகையைக் கழற்றித் துடைத்து அழுந்தப் பொருத்தினால் பொறி உயிர்பெறுதலுண்டு.

மற்றொரு தடை இயங்குதளம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. பழம்பொறிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏலா. இதனால் அவற்றை எறிதல் அறிவுடைமை ஆகாது என்பதே என் துணிபு. நம் நாட்டுச் சி-டாக் நிறுவனம் ஆக்கிய ‘பாஸ்’ போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன, தமிழிலும் இயங்குகின்றன. அவற்றை நிறுவுமுன் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துக்கொள்க. நிறுவுங்கால் பழையன அழிதல் கூடும்.