ஊருக்கு நீதி, வீட்டுக்கு அறையா?

சித்திரக்கதை என்றாலே வீண்பொழுது என்று ஒதுக்கிவிடும் பெற்றோர் நம்மில் பலர். அவர்களே அவசியம் படிக்க வேண்டிய தொடர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டிசி நிறுவனம், 1970 ஏப்ரல் தேதியிட்ட 76ஆம் இதழிலிருந்து 'கிரீன் லேண்டர்ன்' தொடரில் கிரீன் ஏரோவையும் இணைத்தது. எழுதியவர் டென்னி ஓ'நீல். வரைந்தவர் நீல் ஆடம்ஸ்.

நாயகர் இருவரும் இரு துருவங்கள். கிரீன் லேண்டர்னாகிய ஹால் ஜோர்டன் சட்டத்தின் காவலன். மேலிடத்துக் கட்டளையே அவனுக்கு நியாயம். கிரீன் ஏரோவாகிய ஆலிவர் குயின், அநீதி கண்டால் கொதித்தெழுபவன். அந்த முதல் கதையில், தெருவில் தாக்கப்படும் ஒரு செல்வந்தனை ஹால் காப்பாற்றுகிறான். அவனோ, ஏழைக் குடித்தனக்காரர்களை வெளியேற்ற முனையும் வீட்டு உரிமையாளன். வேற்றுக்கிரகத்தாருக்கெல்லாம் உழைத்த நீ கறுப்பின மக்களுக்கு என்ன செய்தாய் என்று ஒரு கறுப்பின முதியவர் கேட்கிறார். ஹால் தலைகுனிகிறான்.

இக்காட்சியைக் கொண்டே, "ஆலிவர் சரி, ஹால் பிழை" என்று தீர்ப்பளிப்போர் உளர். அத்தீர்ப்பு அரைகுறையானது. 1971இல் வெளிவந்த 85, 86ஆம் இதழ்களை அவர்கள் மறந்துவிடுகின்றனர். சித்திரக்கதைகளில் போதைப்பொருளைக் காட்டத் தடை விதித்திருந்த தணிக்கை விதி அவ்வாண்டுதான் தளர்ந்திருந்தது. ஆலிவர் வளர்த்த இளைஞன் ராய் ஹார்ப்பர் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டதை அக்கதை சொல்கிறது. ஊரார் துயருக்காக நாடெங்கும் அலைந்த ஆலிவர், தன் கூரையின்கீழ் இருந்தவனின் தனிமையைக் காணவில்லை. உண்மை தெரிந்ததும் அவன் செய்தது என்ன? அறைந்தான்; வீட்டைவிட்டுத் துரத்தினான். அந்த ராயைத் தாங்கி, பிளாக் கேனரியிடம் கொண்டு சேர்த்தவன் சட்டம் பேசிய ஹால்தான். போதை விடுபடும் வேதனை நேரம் முழுவதும் அவள் உடனிருந்தாள்.

"அடித்துத் துரத்தினால்தான் திருந்துவான், குடும்ப மானமும் மிஞ்சும்" என்று வாதிடுவோர் நம்மிடையே இல்லையா? அவர்களைக் கேட்கிறேன்: துரத்தப்பட்டவன் எங்கே போவான்? போதையை விற்பவனின் கதவு அவனுக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது. நம் கதவையும் மூடிவிட்டால் மிஞ்சுவது எந்த மானம்? போதைப் பழக்கம் மருத்துவமும் பொறுமையும் வேண்டும் நோய். கண்டிப்பு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால், உடனிருந்து கண்டிப்பது வேறு, கைகழுவிவிட்டு அதற்குக் கண்டிப்பு என்று பெயர் சூட்டுவது வேறு.

இத்தொடர் 1972இல் 89ஆம் இதழுடன் நின்றுபோனது. அது எழுப்பிய கேள்வி நிற்கவில்லை. மேடையில் சமூக நீதி முழங்கும் தந்தையரே, இன்றிரவு உங்கள் பிள்ளையின் அருகில் சற்றுநேரம் அமர்ந்து பேசுங்கள். அவன் பேசும்போது குறுக்கிடாது கேளுங்கள்.