பள்ளி ஆண்டு மலரை அச்சிலும் தொடர வேண்டி மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் செயலாளர்,
முன்னாள் மாணவர் சங்கம்,
அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகம்.

பொருள்: பள்ளி ஆண்டு மலர் – அச்சுப் பதிப்பைத் தொடர்தல் – மின்பதிப்புக்கு நெறிமுறை வகுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் பள்ளி ஆண்டு மலர் இனி அச்சில் வராது, வாட்ஸ்அப்பில் இணைப்பாக மட்டுமே வரும் என நிர்வாகம் அறிவித்துள்ளது. அச்சுச் செலவு கூடியிருப்பதை அறிவோம். மின்பதிப்பையும் நாங்கள் எதிர்க்கவில்லை; வெளியூரில் இருப்போருக்கு அது உதவும். அது மட்டுமே போதும் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

எங்கள் நூலகத்தில் 1960களின் மலர்கள் பழுப்பேறிப்போயும் படிக்கக் கிடைக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் குறுந்தகட்டில் தந்த மலரைத் திறந்தாலோ, அக்கால எழுத்துரு இல்லாததால் தமிழ்க் கட்டுரைகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழக அரசு ஏற்றதே 2010இல்தான். ஆர்குட் சமூக வலைத்தளத்தில் சேர்த்த வகுப்புப் படங்களும், 2014 செப்டம்பர் 30இல் அத்தளம் மூடப்பட்டபின், எடுத்து வைக்கத் தவறியவர்களுக்கு இல்லாமற் போயின. மின்பதிப்பு மட்டுமே என்றால், வீட்டிலுள்ள ஒரே செல்பேசியும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால், தன் முதல் கதை வந்த பக்கத்தைப் பிள்ளை எதில் பார்ப்பது?

காகிதமும் அழியாததன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் புத்தகங்கள் நனைந்து வீணாயின. ஆகவே இரண்டும் வேண்டும் என்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்:

1. அச்சுப் பதிப்பு தொடர வேண்டும். வண்ணப் படங்களை 16 பக்கம் கொண்ட ஒரே ஃபாரத்தில் அடக்கி, மற்றவற்றைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் செலவு குறையும்.

2. முன்பதிவுக்கு ஏற்ப அச்சிட்டாலும், பள்ளி நூலகத்துக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கும் தலா 2 படிகள் தர வேண்டும். பணம் கட்ட இயலாத மாணவர்களின் படிகளுக்குச் சங்கம் பொறுப்பேற்கும்.

3. மின்பதிப்பு ஒருங்குறியில் அமைந்த பி.டி.எஃப். கோப்பாக இருக்க வேண்டும். பள்ளிக் கணினியிலும் தனி வன்தட்டிலும் சேமிக்க வேண்டும்.

4. பழைய மலர்களை ஸ்கேன் செய்து, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சேர்க்கப் பரிந்துரைக்க வேண்டும்.

5. மாணவர் படங்களை இணையத்தில் இடப் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதோர் விவரங்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை வலியுறுத்துகிறது. முகவரியும் செல்பேசி எண்ணும் அறவே கூடாது.

இவ்வாண்டு மலருக்குப் படைப்புகள் திரட்டும் பணி தொடங்குமுன் உரிய ஆணை வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்

இணைப்பு: உறுப்பினர் கையொப்பப் பட்டியல்.
நகல்: பள்ளிச் செயலர், தலைமையாசிரியர்.